கிங் பின் போய் பால் ஜாயின்ட் வந்த கதை

காரின் முன்சக்கரத்துக்கு இரண்டு வேலை. பள்ளம் மேட்டுக்கு ஏற்ப மேலும் கீழும் போக வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். 1950கள் வரை பெரும்பாலான கார்களில் திரும்பும் வேலையைக் கிங் பின் என்ற தடித்த இரும்பு ஆணி பார்த்துக்கொண்டது. ஏறி இறங்க வேறு புஷ்கள். எல்லாவற்றுக்கும் கிரீஸ் வேண்டும், அதுவும் சுமார் 1,000 மைலுக்கு ஒருமுறை!

நம் தோள்பட்டையில் இருப்பது பந்துக் கிண்ண மூட்டு என்று பள்ளியில் படித்திருப்போம். பால் ஜாயின்டும் அதேதான். கிண்ணத்துக்குள் ஓர் எஃகுப் பந்து. இரண்டு அசைவுக்கும் அந்த ஒன்றே போதும். பிரான்ஸில் 1934இலேயே சித்ரோன் டிராக்‌ஷன் அவான் காரில் இது வந்துவிட்டது. அமெரிக்காவில் 1952 மாடல் லிங்கன்தான் முன்னோடி. மெக்சிகோவில் 3,000 கி.மீ.க்கும் மேல் ஓடிய கரேரா பனமெரிகானா பந்தயத்தில் 1952, 1953, 1954 என்று மூன்று வருடமும் தன் பிரிவில் லிங்கனே ஜெயித்தது. அப்புறம் யார் சும்மா இருப்பார்கள்? 1954இல் ஃபோர்டு, 1955இல் செவ்ரோலே...

தேய்மானத்தைக் கண்டுபிடிப்பதுதான் மெக்கானிக்குகளுக்குப் புதிய தலைவலி ஆனது. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது பழைய வழி. ஆனால் ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும்போது தேய்ந்த ஜாயின்டும் ஆடாது! ஸ்பிரிங் கீழ்க்கையில் உட்கார்ந்திருந்தால் பாரம் தாங்குவது கீழ் ஜாயின்ட். எனவே ஜாக்கியைக் கீழ்க்கைக்கு அடியில் வைத்தால்தான் அழுத்தம் விலகி ஆட்டம் தெரியும். 1960இன் ஃபோர்டு ஃபால்கன், பிறகு வந்த மஸ்டாங் இரண்டிலும் ஸ்பிரிங் மேல்கையில். அங்கே பாரம் மேல் ஜாயின்டுக்கு. ஜாக்கி சட்டத்துக்கு அடியில் போக வேண்டும். இடம் மாறினால், போகவேண்டிய ஜாயின்ட்கூட நல்லதாகத் தெரியும். அது ஓட்டத்தில் கழன்றால் சக்கரம் சாய்ந்து, கார் நிலத்தில் உட்கார்ந்துவிடும்.

மாற்றுவதும் லேசான வேலை இல்லை. காட்டர் பின்னை எடுத்து நட்டைக் கழற்றினாலும், கூம்பு வடிவத் தண்டு துளையில் இறுகிக்கொண்டு வராது. கவை போன்ற கருவியை இடையில் செருகிச் சுத்தியலால் அடிப்பார்கள். பழைய செவ்ரோலேவில் மேல் ஜாயின்ட் ரிவிட் அடித்து வரும். ரிவிட்டைத் துளைத்தெடுத்து, புதியதைப் போல்ட் போட்டு மாட்ட வேண்டும். கடைசியில் வீல் அலைன்மென்ட்.

1961இல் ஃபோர்டு 30,000 மைல் வரை கிரீஸே வேண்டாம் என்று விளம்பரம் செய்தது. ஓட்டுநருக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் கிரீஸ் அடிக்கிற சாக்கில் அடிக்கடி காருக்குக் கீழே போய் எட்டிப்பார்த்த ஒரு ஜோடிக் கண்ணும் அதோடு காணாமல் போயிற்று. கிரீஸுக்கு மிச்சமான காசைவிட இந்த நஷ்டம் பெரிது என்றே சொல்ல வேண்டும்.

இதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் 1970களில் தந்த பதில் அழகானது. கிரீஸ் நிப்பிளைச் சுற்றியுள்ள குமிழ், புதிய ஜாயின்டில் 0.05 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தேயத் தேய உள்ளே போகும். கார் தரையில் நிற்கும்போதே நகத்தால் தடவிப் பார்க்கலாம். குமிழ் மட்டமாகிவிட்டதா, ஜாயின்டை மாற்ற வேண்டியதுதான். ஜாக்கி எங்கே வைப்பது என்ற குழப்பமே கிடையாது.