அருணையில் பிறந்த சந்தம்

திருவண்ணாமலைக்குச் சென்று வருவோர் கோபுரங்களின் உயரத்தைப் பற்றிப் பேசுவர். நாம் பேச விழைவது அவ்வூரில் எழுந்த ஓர் ஓசையைப் பற்றி. 15ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்தவர் அருணகிரிநாதர். இளமையை இன்ப வேட்கையில் தொலைத்தவர் என்றும், மனம் வெறுத்துக் கோபுரத்தினின்று வீழ்ந்தபோது முருகனால் தாங்கப்பெற்றார் என்றும் அவ்வூரார் சொல்வர். அந்நம்பிக்கை அவர்களுடையது, நாம் பாட்டுக்கு வருவோம்.

'தனதன தனன தனதன தனன தனதன தனன தனதான' என்பதுபோல் ஒரு சந்தக் குழிப்பை வகுத்துக்கொண்டு, குறிலும் நெடிலும் பிசகாமல் அதிலே சொற்களைப் பொருத்துவது திருப்புகழின் அமைப்பு. மும்முறை மடங்கி வரும் சந்தத்தின் இறுதியில் நிற்கும் 'தனதான' தொங்கல் எனப்படும். பொருள் விளங்குமுன்னரே செவி வசப்பட்டுவிடும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 முதல் வளர்ந்த 'ராப்' பாட்டை நம் பிள்ளைகள் வியந்து கேட்கின்றனர். தாளத்தின்மேல் சொல்லை ஓடவிடும் வித்தை தமிழுக்குப் புதிதன்று.

ராப் பாடகர் மேடையில் ஒருவரையொருவர் சொல்லால் மடக்குவதுண்டு. அருணகிரியாருக்கும் அத்தகைய வாது ஒன்று வாய்த்ததாகக் கதை. தோற்ற புலவரின் காதை அறுப்பவராம் வில்லிபுத்தூரார். அவர்முன் அருணகிரியார் கந்தர் அந்தாதியைப் பாடினார். தகர வரிசை எழுத்துகளாலேயே அமைந்த 54ஆம் பாடலுக்கு வில்லியாரால் பொருள் கூற இயலவில்லை. வென்றவரோ காதை அறுக்கவில்லை. அக்கருவியைக் கைவிடச் செய்தார். கதையேயாயினும் நமக்குப் பிடித்த கதை.

அத்தகையவரின் புகழும் இடையில் மங்கியது. 16,000 பாடல்கள் பாடினார் என்பர். கிடைத்தவை ஏறத்தாழ 1,300. சிதம்பரம் தீட்சிதர் தொடர்பான வழக்கொன்றில் 1871இல் திருப்புகழ் அடியொன்றைக் கேட்டு நெகிழ்ந்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை, ஊர் ஊராக ஏடு தேடி, 1894இல் முதற்பகுதியை அச்சேற்றினார். நீதித்துறையில் முன்சீபாகப் பணியாற்றிய அவருடைய உழைப்பின்றேல் 1964இல் டி.எம். சௌந்தரராஜன் அருணகிரியாராகத் திரையில் தோன்றிப் பாடியிருக்கவும் மாட்டார்.

ஆயினும், அச்சேறுமுன்பே அச்சந்தம் தென்கடற்கரையை எட்டியிருந்தது. இனி எவர் இவ்வாறு பாடவல்லார் என ஆசிரியர் வியந்துரைத்ததே காயல்பட்டினத்து வரகவி காசிம் புலவரைத் தூண்டிற்று என்பர். அதே சந்த நடையில் அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது பாடினார். நூலுக்கு வேறு பெயர் தேடவும் இல்லை. திருப்புகழ் என்றே வைத்தார். பிற சமயப் பாவலரிடம் பெற்றதை மறையாமல், அவ்வச்சிலேயே தம் ஈமானை வார்த்தார். நம் இல்லங்களில் எத்தனை பிள்ளைகள் அதன் ஓசையைக் கேட்டிருக்கின்றனர்?