லாரிக்கு விதித்த வரியும் டீசல் காரும்

2011ஆம் ஆண்டில் மேற்கு ஐரோப்பாவில் புதிதாக விற்ற ஒவ்வொரு நூறு கார்களிலும் ஏறத்தாழ 55 கார்கள் டீசல் எண்ணெயில் ஓடுபவை. அதே காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் நூறு கார்களுக்கு ஒன்று டீசல் காராக இருந்தாலே பெரிது. இரு நிலங்களும் செல்வத்திலும் பொறியியல் அறிவிலும் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. ஒரே தொலைவைக் கடக்க டீசல் கார் பெட்ரோல் காரைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எண்ணெயை மிச்சப்படுத்தும் என்பதும் இரு கரையினரும் அறிந்ததே. அவ்வாறாயின் ஒரு கரையில் பெருகிய வண்டி மறு கரையில் ஏன் வேரூன்றவில்லை? அமெரிக்கருக்குச் சிக்கனம் தெரியாது என்று சொல்லிவிடுவது எளிது. வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை.

டீசல் என்பது ஓர் அறிஞரின் பெயர். பாரிஸ் நகரில் 1858இல் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்த ருடால்ஃப் டீசல், நீராவி இயந்திரம் எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வீணடிப்பதைக் கண்டு மனம் பொறாதவர். காற்றை மிகக் கடுமையாக அழுத்தினால் அது தானே கொதிப்பேறும். அதில் எண்ணெயைத் தெளித்தால் நெருப்புப்பொறியின் உதவியின்றியே பற்றிக்கொள்ளும். இக்கருத்தின்படி ஆக்ஸ்பர்க் நகரில் உருவான இயந்திரம் 1897இல் சோதிக்கப்பட்டபோது, வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கைப் பயனுள்ள வேலையாக மாற்றியது. அந்நாளில் வேறெந்த இயந்திரமும் அதன் அருகே நிற்கவில்லை. ஆனால் அது கனத்தது, அதிர்ந்தது, இரைந்தது. ஆகவே தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் பின்னர் லாரிக்குமே அது பொருத்தமாயிற்று. டீசல் 1913இல் இங்கிலாந்து செல்லும் கப்பலிலிருந்து மறைந்து, பின்னர் கடலில் பிணமாகக் காணப்பட்டார். மெர்சிடிஸ் நிறுவனம் தன் டீசல் காரைப் பெர்லின் கண்காட்சியில் வைத்தது 1936இல்தான். அதனை விரும்பி வாங்கியவர்களில் வாடகைக்கார் ஓட்டிகள் பலர். நாள் முழுதும் ஓட்டுபவனுக்கன்றோ எண்ணெயின் விலை உறைக்கும்!

டீசல் எண்ணெய் இவ்வாறு முதலில் லாரியின் உணவாகவும் உழவு இயந்திரத்தின் உணவாகவும் இருந்தது. இச்செய்தியை மனத்தில் இருத்தினால் பிறவெல்லாம் விளங்கும். பிரான்சு முதலிய நாடுகளின் அரசுகள், சரக்குப் போக்குவரத்துக்குச் செலவு கூடினால் வாணிபம் தளரும் என்று கருதி, டீசலுக்குப் பெட்ரோலைவிடக் குறைந்த வரியே விதித்தன. காருக்காக எண்ணிச் செய்த ஏற்பாடன்று அது. லாரிக்கு விரித்த குடையின் கீழ் காரும் வந்து ஒதுங்கிக்கொண்டது. பெட்ரோல் விலையில் பெரும்பகுதி வரியாகவே இருந்த நாடுகளில் இந்த நிழல் பெரிய நிழல்.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அந்நாட்டாரும் டீசலை நாடவே செய்தனர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் ஓல்ட்ஸ்மொபில் பிரிவின் பெட்ரோல் இயந்திரத்தை அடிப்படையாகக் கொண்டு 5.7 லிட்டர் டீசல் இயந்திரம் ஒன்றை உருவாக்கி, 1978ஆம் ஆண்டின் கார்களில் பொருத்தியது. 1981இல் புதிய கார்களில் நூற்றுக்கு ஆறு டீசல் கார்கள் ஆயின. அந்நாட்டில் டீசல் கார் தொட்ட உச்சம் அதுவே. பெட்ரோல் இயந்திரத்தின் வார்ப்பைத் தடிப்பாக்கினார்களே தவிர, அதன் தலைப்பகுதியை இறுக்கும் திருகாணிகளைப் போதிய அளவு பெருக்கவில்லை. டீசலின் கடும் அழுத்தத்தை அவை தாங்கவில்லை. எண்ணெயில் கலந்து வரும் நீரைப் பிரிக்கும் கருவியும் இல்லாததால், எண்ணெய் செலுத்தும் பம்பு துருவேறிப் பழுதுற்றது. வழக்குகள் எழுந்தன, 1985இல் அந்த இயந்திரம் நிறுத்தப்பட்டது. டீசல் என்றாலே தொல்லை என்னும் நினைவு மட்டும் ஒரு தலைமுறைக்கு நின்றுவிட்டது.

பழி முழுவதையும் அந்த இயந்திரத்தின் மேல் சுமத்துவோர் உண்டு. அது பொருந்தாது. 1984இல் அமெரிக்கச் சட்டமன்றம் செய்த ஒரு மாற்றத்தையும் நோக்க வேண்டும். சாலைகளைப் பெரிதும் சிதைப்பவை கனத்த லாரிகள். அவற்றின் மீது ஆண்டுதோறும் வாங்கிவந்த வரி மிகுதி என்று லாரி உரிமையாளர் முறையிட்டனர். அவ்வரியைக் குறைத்த சட்டமன்றம், ஈடாக டீசலின் மீதிருந்த வரியைக் காலனுக்கு 9 சென்டிலிருந்து 15 சென்டாக உயர்த்தியது. பெட்ரோல் 9 சென்டிலேயே நின்றது. இடையில் அகப்பட்டவன் கார்க்காரன். அதனைச் சட்டமன்றமும் அறியாமலில்லை. புதிய டீசல் கார் வாங்கியவருக்கு ஒரு முறை மட்டும் 102 டாலர் திருப்பித் தர ஏற்பாடு செய்தது. பின்னர் 1990களில் இவ்வரிகள் உயர்ந்து, பெட்ரோலுக்கு 18.4 சென்டும் டீசலுக்கு 24.4 சென்டும் என நிலைபெற்றன. லாரிக்காகச் செய்த சட்டம் ஒரு கரையில் காருக்கு நிழலாயிற்று. மறு கரையில் அதுவே வெயிலாயிற்று. போதாக்குறைக்கு, அமெரிக்காவின் சுத்திகரிப்பு ஆலைகள் பெட்ரோலை மிகுதியாகப் பிரித்தெடுக்கும் வகையில் அமைந்தவை. ஐரோப்பாவில் மிஞ்சிய பெட்ரோலும் கப்பலேறி அங்கேதான் சென்றது.

இனிப் புகையைப் பற்றிய செய்தி. டீசல் இயந்திரம் கரிப்புகையையும் நைட்ரஜன் ஆக்ஸைடு என்னும் நச்சு வாயுவையும் மிகுதியாக வெளியிடும். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் புகைமூட்டத்தால் வருந்திய கலிபோர்னியா இதில் கடுமை காட்டியது. 2004 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதி, எந்த எண்ணெயில் ஓடினாலும் எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவுகோல் என்றது. அதன்படி சராசரியாக மைலுக்கு 0.07 கிராம் வாயுவே போகலாம். கிலோமீட்டர் கணக்கில் அது 0.043 கிராம். ஐரோப்பாவிலோ 2005ஆம் ஆண்டின் விதி பெட்ரோல் காருக்கு 0.08 கிராம் என்றும் டீசல் காருக்கு 0.25 கிராம் என்றும் வகுத்தது. புவி வெப்பத்தைக் கூட்டும் கரியமில வாயுவைக் குறைப்பதே ஐரோப்பியர் முன் வைத்த குறிக்கோள். எண்ணெயைக் குறைவாக எரிக்கும் டீசல் அதற்கு உகந்ததாகத் தோன்றியது. வானத்தைக் காக்க எண்ணியவர்கள் தெருவில் நடப்பவனின் மூச்சை மறந்தார்கள் என்றால் கடுஞ்சொல் ஆகாது. டீசல் புகை புற்றுநோயை விளைவிப்பது உறுதி என 2012இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்தது.

அமெரிக்காவின் கடும் விதிக்கும் அடங்கிய தூய டீசல் என்று விளம்பரம் செய்து, ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2008 முதல் அங்கே கார்களை விற்றது. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் சிலர் அவற்றை ஆய்வுக்கூடத்தில் மட்டும் நிறுத்தாமல் சாலையில் ஓட்டி அளந்தனர். அக்குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்பவரும் ஒருவர். இப்பெயர் நம் வாசகருக்குச் செவிக்கு இனியதாக இருக்கும். சாலையில் ஒரு கார் விதித்த அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு வரை நச்சு வாயுவை வெளியிட்டது. சோதனை நடப்பதை அறிந்து அப்போது மட்டும் புகையை அடக்கும் கணினிச் சூது அதனுள் இருந்தது 2015 செப்டம்பரில் வெளிப்பட்டது. அமெரிக்காவில் அத்தகைய கார்கள் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. உலகெங்கும் 1 கோடியே 10 லட்சம். அவற்றுள் பெரும்பகுதி ஐரோப்பாவில்.

ஆதலால் அடி பலமாக விழுந்ததும் ஐரோப்பாவில்தான். 2018 பிப்ரவரியில் ஜெர்மனியின் உயர் நிர்வாக நீதிமன்றம், பழைய டீசல் வண்டிகளைத் தடுக்க நகரங்களுக்கு உரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. மே மாத இறுதியில் ஹாம்பர்க் நகரம் இரண்டு சாலைகளில் தடை இட்டது. குறைந்த வரியை நம்பியும், சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற சொல்லை நம்பியும் வாங்கியவர்களின் கார்கள் சில ஆண்டுகளிலேயே மதிப்பிழந்தன. 2023இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்ற புதிய கார்களில் டீசல் நூற்றுக்கு 14க்கும் கீழே இறங்கி, மின்சாரக் கார்களுக்குப் பின்னால் நின்றது. சரக்கு லாரிகளோ இரு கரைகளிலும் பெரும்பாலும் டீசலிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன.