கோபுரத்துச் சாரம்

தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் உச்சியில் வைப்பதற்குரிய செப்புக் குடத்தை, முதலாம் ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் அளித்தான் என்று அக்கோயிலின் கல்வெட்டே கூறுகிறது. நாட்கணக்குப் பிசகாமல் எழுதிவைத்த அந்தச் சோழ அதிகாரிகள், குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சனைக் குறித்தார்கள். ஆடல் மகளிர் 400 பேரைத் தெருவும் வீடும் சுட்டிக் குறித்தார்கள். தையற்காரர், நாவிதர், வண்ணார், குயவர் ஆகியோருக்கு உரிய பங்கையும் மறவாமல் குறித்தார்கள். ஏறத்தாழ 200 அடி ஓங்கிய அந்த விமானத்தில் ஆள் ஏறுவதற்கு வழிசெய்தவர் யாரென்பதற்கு மட்டும் அங்கே ஜாபிதா இல்லை. இதில் வஞ்சனை ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பட்டியல், கட்டி முடிந்த கோயிலில் ஊழியம் புரிய வேண்டியவர்களைப் பற்றியது. சாரம் கட்டுகிறவனுக்கோ கோயில் முடிந்த அன்றே அங்கு ஜோலி தீர்ந்துவிடுகிறது.

கல்வெட்டு விட்டுவைத்த இடத்தை ஐதிகம் நிரப்பியிருக்கிறது. தஞ்சைக்குச் சில மைல் தூரத்தில் உள்ள சாரப்பள்ளத்திலிருந்து மண்சாரம் எழுப்பி, 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல்லை அதன்மீது இழுத்துச் சென்று சிகரமாக அமர்த்தினார்கள் என்பது பிரசித்தமான கதை. சிகரம் ஒரே கல்லன்று, பல கற்களை இணைத்து ஆக்கியதே என்று ஆராய்ந்தவர்கள் காட்டிய பின்னரும் இக்கதைக்கு மவுசு குறையவில்லை. ஆயினும் இதில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது: பெருங்கல்லை மேலேற்றுவதற்கு மண்ணால் ஆன சரிவுப் பாதையே இயல்பான உபாயம்; கம்பும் கயிறும் அந்தப் பாரத்தைத் தாங்கமாட்டா.

கம்பும் கயிறும் தம் சாமர்த்தியத்தைக் காட்டிய இடம், விமானத்தைக் காட்டிலும் வாயிற்கோபுரம் உயரத் தொடங்கிய பிற்காலத்துக் கோயில்களே எனலாம். இக்கோபுரங்களின் அடிப்பகுதி கல்லாலும், அதற்கு மேற்பட்ட நிலைகள் யாவும் பாரம் குறையும்பொருட்டுச் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. சுதைப் பதுமைகள் வெயிலிலும் மழையிலும் வெடிப்பதனால், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜீர்ணோத்தாரணம் செய்து கும்பாபிஷேகம் நடத்துவது சம்பிரதாயமாயிற்று. ஆகவே ஒரு கோபுரத்தின் ஆயுளில் சாரம் ஒரு தடவை கட்டப்படுவதன்று, தலைமுறைதோறும் கட்டப்படுவது.

அந்த வேலையின் நுட்பம், கோபுரத்தின் உடம்பே சாரத்துக்கு இடையூறாக இருப்பதில் அடங்கியிருக்கிறது. செங்குத்தான வீட்டுச் சுவருக்கு ஒரு வரிசைக் கால்களை நட்டு, குறுக்குக் கம்புகளின் மறுமுனையைச் சுவரில் விட்ட பொந்துகளில் செருகி, இறங்கிவரும்போது அவற்றை அடைத்துக்கொண்டே வந்துவிடலாம். கோபுரமோ மேலே செல்லச் செல்ல உள்வாங்குவது. நீட்டிய கையும், தூக்கிய காலும், சிறகும் கொம்புமாக நெருங்கி நிற்கும் பதுமைகளில் ஒன்றின்மீதும் கம்பு சாயக்கூடாது. எனவே நிலைதோறும் நடுவில் உள்ள வாசல்களின் வழியே கம்புகளை உட்செலுத்திப் பிணைத்து, பொம்மைகளுக்கு ஊடே கிடைத்த இடத்தில் காலூன்றி, தேவைப்பட்ட அளவுக்கு வெட்டிக் கட்டிக்கொண்டே மேலேறுகிறார்கள். அதன் பின்னர் தென்னங்கீற்றுத் தட்டிகளால் கோபுரம் முழுவதையும் போர்த்துவது வழக்கம். ஸ்தபதிக்கு நிழல் வேண்டும் என்பது மாத்திரமன்று, சுண்ணாம்புச் சுதை மெல்ல உலர்ந்தாலொழிய உறுதிப்படாது என்பதும் அதற்குக் காரணம்.

இன்று இந்தச் சாரத்துக்கு அநேகமாகச் சவுக்குக் கம்பே பயன்படுகிறது; அது புராதனமான வழக்கம் என்று நினைப்பவர்களும் உண்டு. சவுக்கு இந்நாட்டு மரமே அன்று. 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்ட பிற்பாடு, அந்த நூற்றாண்டில் எஞ்சினுக்கு விறகு வேண்டிக் கடற்கரை மணலில் தோப்புத் தோப்பாக வளர்க்கப்பட்ட அந்நிய மரம் அது. எஞ்சின்கள் நிலக்கரிக்கு மாறின. நாலைந்து வருஷத்தில் வளைவின்றி நெடுக வளரும் அந்த மரமோ கட்டிடக்காரர்களுக்கு வசமாகிவிட்டது. நாயக்கர் காலத்துக் கோபுரங்களைக் கட்டியவர்கள் சவுக்கைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார்கள். மூங்கிலும் உள்ளூர்க் கம்புகளுமே அவர்களுக்குத் துணை. நகரத்து மாடிக் கட்டிடங்களில் இப்பொழுது இரும்புக் குழாய் வந்துவிட்டதெனினும், அளவெடுத்து வார்த்த குழாய், கோபுரத்தின் வளைவு நெளிவுகளுக்குச் சவுக்கைப்போல் இணங்கிப் போவதில்லை.

சாரத்திலிருந்து விழுந்தவன் கதி என்ன என்ற கேள்வியை அரசாங்கம் கேட்பதற்கு நெடுங்காலம் பிடித்தது. ஆலைத் தொழிலாளிக்கு 1948இலேயே தொழிற்சாலைச் சட்டம் கிடைத்திருக்க, கட்டிடத் தொழிலாளர்க்குத் தமிழ்நாட்டில் நல வாரியம் அமைந்தது 1994இல். அவர்களுடைய வேலை நிலைமையையும் பாதுகாப்பையும் பற்றிய மத்தியச் சட்டம் பிறந்தது 1996இல். இரண்டு வருஷம் கழித்து அதன்கீழ் எழுந்த விதிகளில் சாரத்துக்கென்று தனி அத்தியாயமே இடம்பெற்றது. முடிச்சுப் போடும் வித்தையையோ, இன்றும் இளையவன் மூத்த ஆளுக்குக் கயிறு எடுத்துக்கொடுத்துத்தான் கற்றுக்கொள்கிறான்.