பதினாறு வயதில் எஞ்சுவோர்: டுரியான் துங்கால் வட்டாரத் தமிழ்ச் சிறாரும் நீச்சல் கழகங்களின் நீண்டகாலப் பயிற்சியும்

முன்னுரை

மலேசியத் தமிழர் ஓடுதடத்திலும் திடலிலும் பெயர் நாட்டியவர்கள். எம். ஜெகதீசன் 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதிவரை ஓடினார். எம். ராஜமணி 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் 400 மீட்டர் தங்கத்தை வென்றார். பி. ராஜ்குமார் 1985இல் ஜகார்த்தாவில் 800 மீட்டரில் ஆசிய வாகை சூடினார். ஜி. சரவணன் 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் முதலாவதாக வந்தார். கால்பந்துக் கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தை இன்றும் பேசுகிறோம். நீச்சலில் இதற்கு ஈடான வரிசை நம்மிடம் இல்லை.

தண்ணீர் நமக்கு ஒத்துவராது என்று இதற்குக் காரணம் சொல்வோர் உண்டு. இலங்கையின் வல்வெட்டித்துறையைப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. அவ்வூர் முருகுப்பிள்ளை நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையைப் போகவர நீந்தினார். கடலோரத் தமிழனுக்கு வாய்த்த தண்ணீர் தோட்டத்துத் தமிழனுக்கு வாய்க்கவில்லை. எனவே குறையை உடலிலோ பண்பாட்டிலோ தேடுவதைவிட, எந்தக் குழந்தை எந்த வயதில் குளத்தில் இறங்குகிறது, எந்த வயதில் ஏறிவிடுகிறது என்று கேட்பதே பயன் தரும்.

இக்கட்டுரை அக்கேள்வியை மலாக்கா மாநிலம் டுரியான் துங்கால் வட்டாரத்தை முன்வைத்து ஆராய்கிறது. இங்குள்ள தமிழ்ச் சிறாரில் பலர் குளத்துக்குத் தாமதமாக வருகிறார்கள். பதின்மூன்றை ஒட்டிப் பெரும்பாலும் விலகிவிடுகிறார்கள். தாமத வருகையைப் பயிற்சியால் ஈடுகட்ட முடியும், விலகலை ஈடுகட்ட முடியாது. ஆகவே ஒரு கழகம் தன் வெற்றியைப் பன்னிரண்டு வயதுப் பதக்கங்களைக் கொண்டு அளக்காமல், பதினாறு வயதிலும் நீந்திக்கொண்டிருப்போரின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்க வேண்டும் என்பது இதன் வாதம்.

தோட்டமும் குளமும்

மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதலில் வேர்விட்டது மலாக்காவில்தான். டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் கன்று நட்டார். பின்னர் புக்கிட் அசகான் பெருந்தோட்டம் எழுந்தது. தோட்டங்கள் பெருகியபோது லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, பந்தாடத் திடல் ஆகியவை சேர்ந்து ஒரு தனி உலகம் உருவானது. அந்த உலகத்தில் நீச்சல் குளத்துக்கு இடமில்லை. குளம் இருந்த இடத்தில் அது துரைமார் கிளப்பின் வேலிக்குள் இருந்தது. தொழிலாளியின் பிள்ளைக்கு எஞ்சியவை ஆறும் ஈயக்குட்டையும் வாய்க்காலும். அங்கே ஆண்டுதோறும் யாராவது மூழ்கிய செய்தி வரும். "ஆத்துப் பக்கம் போனா காலை ஒடிச்சிடுவேன்" என்று அதட்டிய தாய்க்குத் தண்ணீர்மேல் வெறுப்பு இல்லை. காப்பாற்ற ஆளில்லாத தண்ணீரைக் கண்டு பயம்.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, துண்டாடப்பட்டன, தாமான்களாயின. மக்கள் பத்து பெரண்டாம், ஆயர் குரோ தொழிற்பேட்டைகளுக்கு சிப்ட் வேலைக்குப் போகத் தொடங்கினர். டுரியான் துங்காலுக்கு அணைக்கட்டு வந்தது. 2000இல் தொடங்கிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இங்கே வளாகம் அமைத்தது. 1991 வறட்சியில் அணையின் நீர்த்தேக்கம் வற்றி மாநிலமே தண்ணீருக்குத் தவித்ததை மூத்தோர் மறக்கவில்லை. மாநிலத்துக்கே குடிநீர் தரும் ஊரில் நீந்தத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் சிலரே. லயத்துக்கும் குளத்துக்கும் இடையிலிருந்த வேலி போய்விட்டது. அதனிடத்தில் இப்போது நகரக் குளத்துக்கு அரை மணி நேரக் கார்ப் பயணமும், அதை ஓட்ட வீட்டில் ஆளில்லாத சிப்ட் அட்டவணையும் இருக்கின்றன.

இதன் மறுபக்கத்தைத் தமிழ்நாட்டின் நெய்வேலி காட்டுகிறது. 1956இல் தொடங்கிய நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமும் தோட்டம் போலவே ஒரு முதலாளி கட்டிய ஊர்தான். ஆனால் அந்த நகரியத்தின் குளம் ஊழியர் பிள்ளைகளுக்குத் திறந்திருந்தது. அங்கே பணியாற்றிய தடகள வீராங்கனை சாந்திமோளின் மகன் சாஜன் பிரகாஷ் அக்குளத்தில் நீந்தக் கற்றார். 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்து, ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரரானார். அப்போது அவருக்கு வயது 27. குளம் எட்டும் தொலைவில் இருந்தது. அதோடு அவர் இருபதுகளின் பின்பகுதிவரை நீரைவிட்டு விலகவில்லை. சாதனையின் விளக்கம் இவ்விரண்டிலும் அடங்கியிருக்கிறது.

மலேசியாவிலேயே இன்னொரு சான்று உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் முக்குளிப்பில் வெண்கலம் வென்ற பண்டெலெலா ரினோங், சரவாக்கின் பாவ் வட்டாரப் பிடாயூ கிராமத்துப் பெண். சிறு வயதிலேயே அவரைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து பயிற்சி தர ஆளும் குளமும் கூச்சிங்கில் இருந்தன. நாட்டுப்புறத்தில் பிறப்பது தடையென்றால் அவர் மேடையேறியிருக்க முடியாது.

வயதுப் படிநிலைகளின் பலமும் பலவீனமும்

இஸ்ட்வான் பாலியி 1990களில் வகுத்த நீண்டகால விளையாட்டாளர் வளர்ச்சி மாதிரியே உலகெங்கும் பல கழகங்களுக்கு வழிகாட்டி. ஏறத்தாழ ஆறு முதல் ஒன்பது வயதுவரை விளையாட்டாக அடிப்படை இயக்கம், பன்னிரண்டுவரை நுட்பம், அதன்பின் உடல்திறன், பிறகு போட்டி என்று அது படிகள் அமைக்கிறது. காலண்டர் வயதைவிட உடல் முதிர்ச்சியைப் பார்க்கச் சொன்னது அதன் பெரும்பலம். ஒரே வகுப்பிலுள்ள இரு பன்னிரண்டு வயதுச் சிறுவரின் உடல் முதிர்ச்சியில் மூன்று ஆண்டு வேறுபாடுகூட இருக்கலாம் என்பது பயிற்றுநர் எவரும் கண்ணால் காண்பது.

ஒவ்வொரு திறனுக்கும் ஒரு 'வாய்ப்புச் சாளரம்' உண்டு, அது மூடினால் அத்திறன் முழுமையாக வராது என்ற கருத்தில்தான் சிக்கல். ஃபோர்டு உள்ளிட்டோர் 2011இல் உடலியல் சான்றுகளை ஆராய்ந்து, அத்தகைய சாளரங்களுக்கு வலுவான ஆதாரம் இல்லை என்று காட்டினர். லாய்டும் ஆலிவரும் 2012இல் முன்வைத்த மாதிரி, பெரும்பாலான திறன்களை வளர்பருவம் முழுதும் பயிற்றலாம் என்கிறது. பத்து வயதில் நீந்தத் தொடங்கும் தோட்டத்துப் பேரப்பிள்ளையைப் பொறுத்தவரை இது ஏட்டு விவாதமாக நின்றுவிடாது. சாளரக் கருத்தை அப்படியே ஏற்கும் கழகம் அவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

குல்லிக்கும் சகாக்களும் பல விளையாட்டுகளின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, உலகத்தரத்தை எட்டியோர் தேசிய அளவில் நின்றோரைவிடச் சிறு வயதில் பல விளையாட்டுகளில் ஈடுபட்டிருந்தனர். தம் முதன்மை விளையாட்டைச் சற்றுப் பிந்தித் தொடங்கினர். தொடக்கத்தில் மெதுவாகவே முன்னேறினர். திடலில் ஓடியும் பந்தாடியும் வளர்ந்த பிள்ளை வெறுங்கையோடு குளத்துக்கு வரவில்லை என்று இதைப் படிக்கலாம். ஆனாலும் நீரில் மிதக்கவும் மூச்சை அடக்கி விடவும் சிறு வயதிலேயே பழகுவது எளிது, அச்சம் குறைவு. முன்கூட்டி வருவது நல்லது. பிந்தி வருவது கதவடைப்பதற்குக் காரணம் ஆகாது.

பதின்மூன்றில் நேர்வது

உயர வளர்ச்சியின் உச்சம் பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டை ஒட்டியும் ஆண் பிள்ளைகளுக்குப் பதினான்கை ஒட்டியும் வருகிறது. இதே காலத்தில்தான் தமிழ்ப்பள்ளி மாணவர் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளியில் சேர்கிறார். பயிற்று மொழி மாறுகிறது, பழகிய ஆசிரியரும் நண்பரும் மாறுகிறார்கள், வீட்டிலிருந்து பள்ளி தூரமாகிறது, மாலையில் டியூசன் கூடுகிறது. உடலும் பள்ளியும் ஒரே வேளையில் புரளும் இந்த இரண்டு ஆண்டுகளில்தான் விலகல் மிகுகிறது.

குளத்தில் இது எப்படித் தெரிகிறது? பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் ஃப்ரீஸ்டைலில் 25 மீட்டரை இருபது கைவீச்சில் கடந்துவந்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் கை கால் நீண்டுவிடுகின்றன. நியாயப்படி வீச்சுகள் குறைய வேண்டும். மாறாக இருபத்திரண்டு ஆகின்றன. நீண்ட முன்கையைத் தாங்கத் தோள்பட்டைத் தசை இன்னும் வலுப்பெறவில்லை. கை நீருக்குள் போனதும் முழங்கை தாழ்கிறது, உள்ளங்கை நீரைப் பின்னுக்குத் தள்ளாமல் கீழே அழுத்துகிறது, இடுப்பு அமிழ்கிறது. ஸ்டாப்வாட்ச் நின்ற இடத்திலேயே நிற்கிறது. "நல்லாத்தான் நீந்திக்கிட்டிருந்தான், இப்ப ஏனோ சோம்பலாயிட்டான்" என்கிறார் அப்பா. கோச் தூரத்தைக் கூட்டுகிறார், தோள் வலிக்கிறது, பையன் நின்றுவிடுகிறான். தூரத்தைக் குறைத்து, வீச்சை எண்ணச் சொல்லி, முழங்கையை உயர்த்திப் பிடிக்கும் பயிற்சியைச் சில மாதம் கொடுத்திருந்தால், புதிய உடலுக்கு ஏற்ற புதிய நீச்சலை அவன் கற்றிருப்பான்.

பெண் பிள்ளைகளிடம் விலகலுக்கு வேறொரு முகம் உண்டு. உயர உச்சத்துக்கு ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் மாதவிலக்கு தொடங்குகிறது. மஞ்சள் நீராட்டு முடிந்த கையோடு நீச்சல் உடை குடும்பத்தில் பேச்சாகிறது. வெயிலில் கறுத்துவிடுவாள் என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. இவற்றை மூடத்தனம் என்று ஒதுக்கினால் கழகம் அந்தப் பெண்ணை இழக்கும். கையும் காலும் மூடிய பயிற்சி உடை, ஒரு பெண் பயிற்றுநர், வெயில் தாழ்ந்த மாலை நேரம், மாதத்தில் சில நாள் தரைப் பயிற்சி, இவற்றைப் பற்றித் தாயோடு முன்கூட்டியே பேசி வைப்பது ஆகியன பெருஞ்செலவில்லாத தீர்வுகள்.

கழகம் செய்யக்கூடியவை

முதலாவது, தமிழ்ப்பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவரை மொத்தமாகக் குளத்துக்கு அழைத்து வருவது. இது முதலில் உயிர்காப்பு, பிறகே போட்டி. 2011இல் அறிமுகமான 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' கொள்கை பள்ளிக்கு இதற்கான இடத்தைத் தருகிறது. ஒரு வேனைப் பங்கிட்டுக்கொண்டால் சிப்ட் பெற்றோரின் சுமையும் குறையும்.

இரண்டாவது, பயிற்சியின் அளவு. வாரம் எட்டு முறை குளத்துக்கு வர இயலாதவர் போட்டியாளராக முடியாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. காஸ்டில் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரம் நாளுக்கு இருமுறை பயின்ற கல்லூரி நீச்சலர் ஒருமுறை பயின்றோரைவிடக் கூடுதலாக முன்னேறவில்லை. சமூகவியலர் டேனியல் சாம்ப்லிஸ் 1989இல், உயர்நிலை நீச்சலர் தாழ்நிலையினரைவிட அதிகம் செய்வதில்லை, வேறுவிதமாகச் செய்கிறார்கள் என்று வாதிட்டார். திருப்பத்தில் சுவரை எப்படி உதைப்பது என்பது போன்ற சின்னஞ்சிறு செயல்களே அவர் கண்ட வேறுபாடு. வாரத்துக்கு நான்கு முறை மட்டுமே வர முடிகிற டுரியான் துங்கால் பிள்ளைக்கும் இந்த வழி திறந்திருக்கிறது.

மூன்றாவது, பதிவேடு. நேரத்தோடு உயரம், அமர்ந்த உயரம், 50 மீட்டருக்கான வீச்சு எண்ணிக்கை ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வளர்ச்சி வேகமெடுத்திருக்கும் பிள்ளை யாரென்று அது சொல்லிவிடும். அவருக்கு அந்தப் பருவத்தில் நேர இலக்கு வைக்கக் கூடாது.

எதிர்வாதங்கள்

நீச்சல் இளையோர் விளையாட்டு, பதினாறுவரை காத்திருந்தால் வண்டி போய்விடும் என்பது முதல் எதிர்வாதம். கேட்டி லெடெக்கி 2012இல் பதினைந்து வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். நம் நூருல் ஹூடா அப்துல்லா 1985 தென்கிழக்காசிய (சீ) போட்டியில் பதின்மூன்று வயதில் ஏழு தங்கம் வென்றார். மூன்று சீ போட்டிகளில் அவருடைய தங்கம் 22. ஆனால் இருபதை எட்டுவதற்குள் அவர் போட்டி நீச்சலை விட்டுவிட்டார். ஒலிம்பிக் நீச்சலரின் உச்ச ஆட்டம் பெண்களுக்கு 22, ஆண்களுக்கு 24 வயதை ஒட்டி வருகிறது என்று ஆலன் குழுவினரின் ஆய்வு சொல்கிறது. மேதைகள் விதிவிலக்கு, ஒரு கழகத்தின் திட்டத்தை விதிவிலக்கை நம்பி வகுக்க இயலாது. போர்ச்சுகலில் நீச்சல் உட்பட நான்கு விளையாட்டுகளை ஆராய்ந்த பாரெய்ரோஸ் குழுவினர், சிறுவர் நிலையில் பன்னாட்டுப் போட்டியாடியோரில் மூன்றில் ஒரு பங்கினரே மூத்தோர் நிலையிலும் தோன்றினர் என்று கண்டனர்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. பதக்கம் இல்லாமல் ஆதரவு கிடைக்காது. பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகள் பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு வயதுப் பிரிவுகளில் நடக்கின்றன. சுக்மா (மலேசிய விளையாட்டுப் போட்டி) அணி, புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி என எல்லா வாசலிலும் முதலில் கேட்பது இளவயது நேரத்தைத்தான். தலைமையாசிரியரும் புரவலரும் கேட்பது கேடயம். இதை மறுக்க முடியாது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பதக்கம் எதைக் காட்டுகிறது என்று கேட்கலாம். ஆண்டுக் கணக்கில் பிரிவு வகுக்கும்போது ஜனவரியில் பிறந்தவர் டிசம்பரில் பிறந்தவரைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவர். ஆஸ்திரேலிய நீச்சலரை ஆராய்ந்த கோப்லி குழுவினர், இளவயதில் தெரியும் இந்தச் சாய்வு பதின்பருவ முடிவுக்குள் கரைந்துவிடுவதைக் காட்டினர். அப்பதக்கத்தில் ஒரு பங்கு பிறந்த மாதத்துக்கும் முந்திய வளர்ச்சிக்கும் உரியது. போட்டிக்கு அனுப்புவதைக் கழகம் நிறுத்த வேண்டியதில்லை. தோற்றவரைக் கழித்துக்கட்டுவதை நிறுத்தினால் போதும்.

முடிவுரை

தோட்டக் காலத்தில் குளத்தை யார் கட்டினார்கள், யாருக்குத் திறந்தார்கள் என்பதே விளைவைத் தீர்மானித்தது. இன்று குளங்கள் பொதுவில் உள்ளன. பிள்ளைகளை யார் தக்கவைக்கிறார்கள் என்பதே இனித் தீர்மானிக்கும். எனவே இங்கு இயங்கும் ஒவ்வொரு கழகமும் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் மூன்று எண்களை வெளியிடலாம்: பத்து வயதில் சேர்ந்தோர், பதின்மூன்றில் தொடர்ந்தோர், பதினாறிலும் நீந்துவோர், ஒவ்வொன்றிலும் பெண்கள் எத்தனை பேர் என்ற குறிப்போடு. நன்கொடை கேட்டு வரும் கழகத்திடம் கோயில் நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கேடயப் பட்டியலுக்கு முன்பாக இந்தப் பக்கத்தைக் கேட்கத் தொடங்கினால், பயிற்றுநரின் அட்டவணையும் அதற்கேற்ப மாறும். தேசிய அணிக்கு ஒருவர் போனாலும் போகாவிட்டாலும், அணைக்கட்டு ஊரின் ஒரு தலைமுறை தண்ணீரில் பிழைக்கத் தெரிந்ததாக வளரும். பதக்கத்தை மட்டும் குறிவைக்கும் திட்டத்தால் இவ்வளவு உறுதியான பலனைத் தர இயலாது.