பினாங்கின் அஞ்சடி: நடப்போர் உரிமையின் வரலாறு

பினாங்குத் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில், பழைய கடைவீடுகளின் முகப்பில், மேல்மாடியைத் தாங்கும் தூண்களுக்கும் கடை வாயிலுக்கும் இடையே நிழல்வழி ஒன்று ஓடுகிறது. மலாய்க்காரர் அதனைக் ‘காக்கி லீமா’ என்பர். ஹொக்கியன் சீனர் ‘கோ கா கீ’ என்பர். தமிழர் ‘அஞ்சடி’ என்பர். பெயர் மூன்றாயினும், ஐந்தடி என்னும் அளவே அவற்றின் அடிப்படை.

நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் நகர மன்றங்கள் தனி வழி வகுப்பதை இக்காலத்துப் புதுமை என்று கருதுவோர் உளர். பினாங்கைப் பொறுத்தவரை அது புதுமையன்று. நூறாண்டுகளுக்கு முன்னரே விதி வகுத்து ஏற்படுத்தப்பட்ட பொது நடைவழியே அஞ்சடி. ஒரு வழிக்கு மன்றம் ஒப்புதல் அளிப்பது ஒரு நாள் வேலை. அவ்வழியை அடைபடாமல் காப்பதோ ஓயாத வேலை. அஞ்சடியின் வரலாறு புகட்டும் பாடம் இதுவே.

திண்ணையும் அஞ்சடியும்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் இத்தீவைக் கைக்கொண்டார். அவர் காலத்தில் வகுக்கப்பட்ட தெருக்களுள் தமிழ் முஸ்லிம் வணிகரின் பெயரைத் தாங்கிய சூலியா தெருவும் ஒன்று. ஆனால், வீட்டு முகப்பில் பொதுவழி விடவேண்டும் என்னும் கட்டளை அப்போது பிறக்கவில்லை.

அக்கட்டளையைச் சிங்கப்பூரில் பிறப்பித்தவர் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ். அவர் 1805இல் கம்பெனியின் உத்தியோகஸ்தராக முதலில் வந்திறங்கிய இடம் பினாங்குதான். பின்னர் 1811 முதல் ஜாவாவை ஆண்ட அவர், 1822இல் சிங்கப்பூருக்கு நகர அமைப்புத் திட்டம் வகுத்தபோது, ஒவ்வொரு வீடும் தன் முன்புறத்தில் கூரையிட்ட தாழ்வாரத்தைக் கொண்டிருக்கவேண்டும் என்றும், அவை ஒன்றோடொன்று தொடர்ந்து எந்நேரமும் திறந்திருக்கவேண்டும் என்றும் விதித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டட விதிகளின் வாயிலாக அம்முறை பினாங்கிலும் வேரூன்றியது. சுட்டெரிக்கும் வெயிலும் திடீரெனக் கொட்டும் மழையும் மாறி மாறி வரும் இந்நாட்டுக்கு அது பொருத்தமான ஏற்பாடாகும்.

தமிழர் இதனைத் தம் ஊர்த் திண்ணையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். திண்ணையும் வழிப்போக்கனுக்கு நிழல் தருவதே. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படையான வேற்றுமை ஒன்று உண்டு. திண்ணையில் அமர்பவன் வீட்டுக்காரரின் விருந்தோம்பலால் அமர்கிறான். அஞ்சடியில் நடப்பவன் சட்டம் தந்த உரிமையால் நடக்கிறான். நிலம் தனியாருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது. நகரம் பற்றிய பெரியதொரு கருத்து இவ்வைந்தடிக்குள் அடங்கிக் கிடக்கிறது.

வழி யாருக்கு?

கருத்துப் பெரிதாயினும் அது எளிதில் நடைமுறைக்கு வரவில்லை. கடைக்காரர் சரக்கு மூட்டைகளை அஞ்சடியில் அடுக்கினர். முடிதிருத்துவோரும், செருப்புத் தைப்போரும், பணம் மாற்றுவோரும், கிளி சோதிடரும் அந்நிழலிலேயே பிழைப்பு நடத்தினர். நடப்பவர் வெயிலில், வண்டிகளுக்கு நடுவே இறங்க நேர்ந்தது. 1888 பிப்ரவரியில் சிங்கப்பூர் நகராண்மையார் அஞ்சடிகளை வலிந்து ஒழிக்க முற்பட்டபோது கடைகள் அடைக்கப்பட்டன, கலகம் மூண்டது. ‘தாழ்வாரக் கலகம்’ என்று வரலாறு அதனைக் குறிக்கிறது.

இதில் ஒரு சாராரை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. கூடை வியாபாரிக்கு வாடகைக் கடை எட்டாக்கனி. அஞ்சடியே அவனுக்கு முதலில்லாக் கடை. இந்தோனேசியாவில் ‘காக்கி லீமா’ என்னும் சொல் இன்று தெருவோர வியாபாரியைக் குறிப்பதாகவே மாறிவிட்டது. நடப்போரின் வழியைச் சுட்டிய பெயர் அங்கே விற்போரின் பெயராயிற்று. கிழவியின் நடையும் ஏழையின் பிழைப்பும் ஒரே நிழலை நாடும்போது, இரண்டுக்கும் இடம் வகுத்துக் கொடுக்கும் நடுவரே நகர மன்றம்.

மன்றத்தின் வளர்ச்சி

அத்தகைய நடுவரைப் பெறுவதில் பினாங்கு மலாயாவுக்கே முன்னோடி. 1800இலேயே வரி மதிப்பீட்டாளர் குழு ஒன்று இங்கு அமைந்தது. 1857இல் நகராண்மைக் கழகம் தோன்றியது. தொடக்கக் காலச் சாலைகளை அமைப்பதில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறைக்கைதிகளின் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. சென்னை மாகாணத்தினரும் அவர்களுள் இருந்தனர். 1873 வரை இம்முறை நீடித்தது.

1951 டிசம்பரில் மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் ஜார்ஜ் டவுனில் நடந்தது. பதினைந்து இடங்களுள் ஒன்பதுக்கு உறுப்பினரை மக்களே தேர்ந்தனர். 1957 ஜனவரி முதல் நாள் ஊர் மாநகரமானபோது, டி. எஸ். இராமநாதன் அதன் முதல் மேயரானார். 1965இல் நாடெங்கும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. இன்று மன்ற உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகின்றனர். வாக்குச் சீட்டு இல்லாத இடத்தில் ஊராரின் கண்காணிப்பு இரட்டிப்பாதல் வேண்டும்.

இதற்கிடையே சாலையும் மாறியது. 1906இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் 1936இல் மறைந்தது. டிராலி பஸ் 1961இல் நின்றது. காரும் மோட்டார் சைக்கிளும் பெருகின. மிதிவண்டியும் திரிஷாவும் ஓரத்துக்கு ஒதுங்கின.

மீண்டும் நடைவழி

2008 ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதன்பின் நடப்போரின் நினைவு மீண்டும் எழுந்தது. 2011இல் ஞாயிறு காலைகளில் கடற்கரைத் தெருவில் காரில்லாப் பொழுது தொடங்கப்பட்டது. 2016இல் பொது மிதிவண்டிப் பகிர்வுத் திட்டம் வந்தது; மரபுடைமைப் பகுதிக்கான சிறப்புத் திட்டமும் அவ்வாண்டே அரசிதழில் வெளியாயிற்று. 2012இல் ஆர்மீனியன் தெருச் சுவரொன்றில் வரையப்பட்ட, மிதிவண்டியில் செல்லும் இரு சிறார் ஓவியத்தின்முன் சுற்றுலாப் பயணிகள் கூடிநிற்கின்றனர். சுவரில் அவ்வண்டிக்கு உள்ள மதிப்பு சாலையிலும் கிடைத்தல் வேண்டும்.

தமிழகத்திலும் இம்முயற்சி உண்டு. சென்னை மாநகராட்சி 2014இல், போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் ஒதுக்கும் கொள்கையை ஏற்றது. 2019இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. அங்கும் இங்கும் எழும் வினா ஒன்றே: திறந்த வழியை நாளை யார் காப்பார்?

மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அஞ்சடியை அடைப்பதைக் குற்றமாக்குகிறது. எனினும் பினாங்கில் ஒரு கடையின் தளம் உயர்ந்தும் அடுத்ததன் தளம் தாழ்ந்தும் உள்ளன. ஓரிடத்தில் மோட்டார் சைக்கிள், மற்றோரிடத்தில் பெட்டிகள். சக்கர நாற்காலியில் வருபவர் சில கடைகளைத் தாண்டுவதற்குள் சாலையில் இறங்க நேரிடுகிறது. சட்டத்தில் குறையில்லை; நாள்தோறும் காக்கும் கையே குறைவு.

தோட்டத்துப் பள்ளிகளிலிருந்து மாணவர்களை ஜார்ஜ் டவுனுக்கு அழைத்து வரும் ஆசிரியர்கள், குயின் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோவிலையும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும் காட்டுவது வழக்கம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள அஞ்சடியையும் ஒரு பாடமாக்கலாம். எத்தனை தூண், எங்கே நிழல், எங்கே அடைப்பு என்று மாணவர் எண்ணிக் குறிக்கட்டும். அக்குறிப்பை மன்றத்துக்கு ஒரு கடிதமாக எழுதவும் பழகட்டும். வரலாறும் குடிமையும் ஒருங்கே கைவரும் பயிற்சி அது.