வந்தவர்களும் வைத்திருப்பவர்களும்

1

2024 நவம்பர் 19. லண்டன் வைற்ஹோல் வீதியை விவசாயிகள் நிறைத்து நின்றதைப் பெரியப்பா வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். பொம்மை உழவு இயந்திரங்களை மிதித்தபடி சிறு பிள்ளைகள் முன்னே போனார்கள். பரம்பரைச் சொத்துவரிக்கு எதிரான ஆர்ப்பாட்டம் அது. "பாவங்கள் தம்பி, தோட்டக்காரர். காணியை வித்து வரி கட்டச் சொல்லுறாங்கள்" என்றார் பெரியப்பா. யாழ்ப்பாணத்தில் பரம்பரைத் தோட்டக் காணியை விட்டுவிட்டு வந்தவர் அவர். அந்த இரக்கம் பொய்யானதல்ல. அடுத்த செய்தி, படகில் வந்த அகதிகளைத் தங்கவைத்திருக்கும் ஹொட்டல்கள் பற்றியது. பெரியப்பாவின் குரல் மாறிற்று. "உவங்கள் வந்துதான் வீடில்லாமப் போச்சு. வாடகையும் ஏறிப்போச்சு."

பெரியப்பா 1986இல் அகதியாக வந்தவர். ஈஸ்ற்ஹாமில் ஒரு அறைக்குள் ஆறு பேராகக் கிடந்தவர். இன்று அவருக்கு இரண்டு வீடுகள். ஒன்றில் இருக்கிறார், மற்றதை அறை அறையாக வாடகைக்கு விடுகிறார். "பெரியப்பா, போன வருசம் வாடகையைக் கூட்டினது ஆர்? வந்தவனோ, நீங்களோ?" என்று கேட்டேன். பெரியம்மா தேத்தண்ணியோடு வர, பேச்சு அத்துடன் நின்றது.

அந்தக் கேள்வியை இங்கே தொடர விரும்புகிறேன். விவசாய வரி, வீடு, குடிவரவு என்று பிரிட்டனில் மூன்று தனித்தனிச் சண்டைகள் நடக்கின்றன. மூன்றுக்கும் அடியில் இருப்பது நிலம். நிலம் யாரிடம் இருக்கிறது, அதன் விலை ஏறும்போது லாபம் யார் மடியில் விழுகிறது என்ற கேள்வி எழும்போதெல்லாம், யார் வந்தார்கள் என்ற வேறொரு கேள்வி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்த இடமாற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

2

கிழக்கு லண்டனின் ஸ்ரெப்னி பகுதியை எடுத்துக்கொள்வோம். ஜார் ரஷ்யாவின் படுகொலைகளுக்கும் வறுமைக்கும் தப்பிய யூதர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே குடியேறினார்கள். களஞ்சியசாலைகளுக்காகவும் ரயில் பாதைகளுக்காகவும் குடியிருப்புகள் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலமும் அதுதான். நெருக்கடி உண்மை. வாடகை ஏறியதும் உண்மை. கொழும்பில் வீடு தேடியவர்களுக்குத் தெரிந்த 'கீ மணி' என்ற சொல், 1903இல் முடிந்த அந்நியர் குடிவரவு பற்றிய அரச ஆணைக்குழுவின் சாட்சியங்களிலேயே இருக்கிறது. அந்தக் கீ மணியை வாங்கியது யார் என்பது சட்டமாகவில்லை. யார் வந்தார் என்பது சட்டமாயிற்று.

1901இல் 'பிரிட்டிஷ் சகோதரர் கழகம்' அங்கே உருவானது. பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய மேஜர் வில்லியம் எவன்ஸ்-கோர்டன் ஸ்ரெப்னியின் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்து இந்த இயக்கத்தின் குரலானார். 1905இல் பல்ஃபோர் அரசு அந்நியர் சட்டத்தை நிறைவேற்றியது. இருபதுக்கு மேற்பட்ட அந்நியர்களை மலிவுக் கட்டணத் தட்டில் ஏற்றிவரும் கப்பல்தான் சட்டப்படி 'குடிவரவுக் கப்பல்'. அறை எடுத்துப் பயணம் செய்தவரை யாரும் சோதிக்கவில்லை. 'அந்நியர்' என்ற வகைமைக்குள் வர்க்கம் எப்படி ஒளிந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நான்கு வருடம் கழித்து, 1909 ஜூலை 30இல், அதே ஸ்ரெப்னியின் லைம்ஹவுஸில் நிதியமைச்சர் லோயிட் ஜோர்ஜ் பேசினார். லீ ஆற்றுக்கும் தேம்ஸுக்கும் இடைப்பட்ட சதுப்பு நிலத்தை உதாரணம் காட்டினார். ஏக்கருக்குச் சில பவுண் வாடகைக்குப் போன மண், துறைமுகமும் தொழிலும் வந்த பிறகு ஆயிரக்கணக்கில் விலைபோகிறது. அந்த மதிப்பை உண்டாக்கியவர்கள் உழைப்பவர்கள், பெறுபவர் நில உடைமையாளர். உழைக்காமல் கிடைத்த இந்த உயர்வில் 20 சதவீதத்தை அரசு எடுக்கும் என்றது அவரது வரவுசெலவுத் திட்டம். வெறும் விவசாய மதிப்பு மட்டுமே கொண்ட நிலத்துக்கு விலக்கும் இருந்தது. ஆனாலும் பிரபுக்கள் சபை அந்த நவம்பரில் அதை நிராகரித்தது. 1910இல் இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன. 1911இல் பிரபுக்கள் சபையின் அதிகாரம் வெட்டப்பட்டது.

பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். பழமைவாதிகளின் தயவில் தங்கிய கூட்டரசுக்குப் பிரதமராயிருந்த அதே லோயிட் ஜோர்ஜின் காலத்தில், 1920இல், அந்த நிலவரிகள் நீக்கப்பட்டன. அந்நியர் மீதான கட்டுப்பாடுகளோ 1914இலும் 1919இலும் இன்னும் இறுக்கப்பட்டன.

3

நிலத்துக்குச் சலுகை மெல்லமெல்லத் திரும்பி வந்தது. 1925இல் மரணவரியில் விவசாய நிலத்துக்குக் கழிவு தரப்பட்டது. 1992இல் பழமைவாத அரசு, உரிமையாளர் கையிலுள்ள விவசாய நிலத்துக்கு முழு விலக்கே அளித்தது. மற்றச் சொத்துக்கு 40 சதவீத வரி, பண்ணைக்கு ஒன்றுமில்லை. பணமுள்ளவன் என்ன செய்வான்? நிலம் வாங்கினான். பரம்பரை வரியிலிருந்து தப்புவதும் தான் பண்ணை வாங்கியதற்குக் காரணம் என்று முன்பே வெளிப்படையாகச் சொன்ன தொலைக்காட்சிக்காரர் ஜெரமி கிளார்க்சன், 2024 ஆர்ப்பாட்டத்தில் முன்னால் நின்றார்.

2024 ஒக்டோபரில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அறிவித்தது இதுதான்: 2026 ஏப்ரல் முதல் பத்து லட்சம் பவுண் வரை முழு விலக்கு, அதற்கு மேல் பாதி விலக்கு. அதாவது 20 சதவீதம். 2021-22இல் இந்தச் சலுகையின் மொத்தப் பெறுமதியில் 40 சதவீதம், வெறும் 117 பெரிய சொத்துகளுக்குப் போயிற்று என்றது அரசு. எதிர்ப்புக்குப் பிறகு, 2025 டிசம்பரில், எல்லை இருபத்தைந்து லட்சமாக உயர்த்தப்பட்டது.

சிறு விவசாயியின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. பேரங்காடிகள் சொல்லும் விலைக்குப் பாலையும் கிழங்கையும் கொடுப்பவனிடம், நில மதிப்பு காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. ஆனால் அந்த மதிப்பை ஏற்றியதில் வரிவிலக்குத் தேடி வந்த பணத்துக்கும் பங்குண்டு. குத்தகை விவசாயிக்கு அந்த ஏற்றத்தால் கிடைத்தது கூடிய குத்தகைதான். இன்னொன்றும் உண்டு. அந்தத் தோட்டங்களில் பழம் பறிப்பது யார்? ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் தறுவாயில், 2019இல், 2,500 பேருடன் தொடங்கிய பருவகாலத் தொழிலாளர் விசா 2023இல் 45,000 ஆயிற்று. நேபாளத்திலிருந்தும் கிர்கிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள் பண்ணைக் கரவன்களில் தங்கிப் பறிக்கிறார்கள். பருவம் முடிந்தால் போய்விட வேண்டும். வைற்ஹோலில் அவர்களுக்காக ஒரு பதாகையையும் நான் காணவில்லை.

4

இந்த இடமாற்றம் தவிர்க்க முடியாத விதியா? ஸ்ரெப்னியே பதில் வைத்திருக்கிறது. 1937இல் வீட்டைவிட்டுத் துரத்தப்படவிருந்த இரண்டு குடும்பங்கள் மோஸ்லியின் பாசிசக் கட்சி அங்கத்தவர்கள். அவர்களுடைய கட்சி எட்டிப் பார்க்கவில்லை. ஃபில் பிராட்டினும் தோழர்களும் போய்க் கதவடைத்துக் காத்தார்கள். அந்தக் குடும்பங்கள் தம் கட்சி அட்டையைக் கிழித்தெறிந்தன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் யூதரும் ஐரிஷ்காரரும் சேர்ந்து வாடகை மறுப்புப் போராட்டங்களை நடத்தினார்கள். 1976இல் அதே தெருக்களில் வங்காளிக் குடும்பங்கள் வெறுமையாய்க் கிடந்த கட்டடங்களில் குடியேறி, வங்காளி வீட்டுரிமைக் குழுவை அமைத்தன. அதன் ஆங்கிலச் சுருக்கம் 'பாக்'. வங்காளியில் அதற்குப் பங்கு என்று பொருள்.

மறுபக்கமும் உண்டு. 1980இன் சட்டத்தால் கவுன்சில் வீடுகள் குடியிருந்தோருக்கு மலிவாக விற்கப்பட்டன, ஈடாகப் புதியவை போதிய அளவு கட்டப்படவில்லை. 1993 செப்டம்பரில், பக்கத்து மில்வால் வட்டாரத்தில், வங்காளிகளுக்கே வீடு போகிறது என்ற பிரச்சாரத்தில் இனவாதக் கட்சியொன்று ஏழு வாக்கு வித்தியாசத்தில் வென்றது. வீட்டுக்காரனைக் காட்டியபோது சேர்ந்தவர்களுடைய பிள்ளைகள், வந்தவனைக் காட்டியபோது பிரிந்தார்கள்.

5

நாங்களும் ஒருகாலம் 'உவங்கள்'தான். 1987 பெப்ரவரியில் ஹீத்றோ விமான நிலையத்தில், திருப்பியனுப்பப்படவிருந்த தமிழ் அகதிகள் உடைகளைக் களைந்து மறுத்து நின்றார்கள். உரிய பத்திரமில்லாதவரை ஏற்றிவந்தால் தலைக்கு ஆயிரம் பவுண் தண்டம் என்று அதே வருடம் விமானக் கம்பனிகளுக்குச் சட்டம் வந்தது. 1905இன் கப்பல் 1987இல் விமானமாயிற்று. ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய படகுக் கப்பலில் எம்மவரை அடைத்து வைத்தார்கள். அந்த ஒக்டோபர்ப் புயலில் அது கட்டறுத்துக்கொண்டு போயிற்று. 2023இல் போர்ட்லண்டில் அகதிகளுக்காக 'பிபி ஸ்ரொக்ஹோம்' மிதவையைக் கட்டியபோது, இதை நினைவுபடுத்தியிருக்க வேண்டியவர்கள் நாம். பெரும்பாலும் பேசாமலிருந்தோம். 2024 ஒகஸ்டில் ரொதர்ஹாமில் அகதிகள் தங்கிய ஹொட்டலுக்குத் தீவைக்க முயன்றபோது மட்டும் கதவுகளைப் பூட்டிக்கொண்டோம். தீவைப்பவன் வந்த ஆண்டைக் கேட்கமாட்டான் என்பது அப்போது விளங்கியது.

போன மாதம் பெரியப்பாவிடம் அந்தக் கேள்வியை மறுபடி கேட்டேன். கொஞ்சநேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்: "நான் என்ன செய்யிறது தம்பி, மோட்கேஜ் கட்டவேணுமெல்லோ? வட்டி எவ்வளவு ஏறினது தெரியுமே?" 2022க்குப் பிறகு வட்டி ஏறியது உண்மைதான். அவரிடம் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஏற்றம் வாடகையாகப் போய்ச் சேர்ந்ததும் உண்மை. ஆனால் வந்தவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த மனிதர் முதல் தடவையாக வங்கியைப் பற்றிப் பேசினார். எங்கள் வீட்டு விவாதத்தை நான் அங்கிருந்து தொடரப் போகிறேன்.