செங்கலடி வளவின் வரலாறு

செங்கலடி வளவுகளில் தென்னையும் மரமுந்திரிகையும் ஓங்கி நிற்க, அவற்றின் அரைநிழலில் அன்னாசி வளர்வதைக் காண்போர், இவ்வடுக்குமுறை முழுவதும் தொன்றுதொட்டு வந்ததென எண்ணுவர். தென்னை தொன்மையானதே. ஏனைய இரண்டும் 16ஆம் நூற்றாண்டில் தென்னமெரிக்காவினின்று போர்த்துக்கேயர் வழியே கீழைநாடுகளை அடைந்தவை. பெயர்களே இதற்குச் சான்று: 'கஜு', 'அன்னாசி' என்னும் இரண்டும் பிரேசிற் பழங்குடியினரின் துப்பி மொழிச் சொற்களாம். கொடிமுந்திரிகையை முன்னரே அறிந்திருந்த தமிழரோ, புதிய மரத்துக்கு மரமுந்திரிகை எனத் தம் பெயரையும் இட்டனர்.

இவற்றை வந்தேறிப் பயிர்கள் என இகழ்வாரும் உளர். அன்னோர் 1978ஆம் ஆண்டை நினைதல் வேண்டும். அவ்வாண்டு நவம்பர் 23இல் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. புதிதாக நட்ட தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். மரமுந்திரிகை மூன்றாம் நான்காம் ஆண்டிலேயே காய்க்கும். அன்னாசிக்கு ஒன்றரை ஆண்டு போதும்.